காலைமுதல் நின்றவள்

இறைவாக்கு: ரூத்து 2:1-19

இன்றைய சிந்தனையை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துணிக்கடை முதலாளி பங்கு இல்லத்துக்கு வந்தார். பக்தியுள்ளவர், திருவிழாவுக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர். அன்று முகத்தில் வருத்தம். "சாமி, கடையில ஒரு பிள்ளையும் ஆறு மாசத்துக்கு மேல நிக்க மாட்டேங்கு. இருக்கிறதும் மனசு வச்சு வேலை பாக்க மாட்டேங்கு. நானும் சம்பளம் குடுக்கேன், கிறிஸ்மஸ், தீபாவளி, ரம்ஜான் எல்லாத்துக்கும் துணி குடுக்கேன். நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசினா கேக்கும்" என்றார். இப்போதெல்லாம் இதற்கென்றே பேச்சாளர்கள் இருக்கிறார்கள், கட்டணமும் அதிகம். நான் கட்டணம் கேட்காத பேச்சாளர்.

போனேன். கடை திறக்கும் முன், தரைத்தளத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ஏறக்குறைய நாற்பது பேர், பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய பெண்கள். எனக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் மின்விசிறி, ஒரு பாட்டில் தண்ணீர். உழைப்பின் மேன்மையைப் பற்றிப் பேசினேன். நாசரேத்தில் தச்சு வேலை செய்த யோசேப்பு, கூடாரம் செய்து பிழைத்த பவுல், தாலந்து உவமை என்று ஒன்றையும் விடவில்லை. கைதட்டினார்கள். நன்றாகப் பேசிவிட்டோம் என்ற திருப்தியோடு திரும்பினேன்.

அடுத்த வாரம் வீடு சந்திப்புக்குப் போனபோது, அந்தக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போக நேர்ந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்தார். "வாங்க சாமி. எம் மவ சொன்னா. நல்லாப் பேசினீங்களாம். ஒரு மணி நேரம் கூடுதலா நின்னதுல காலுதான் வலிச்சுதாம்."

அவர் குத்திக்காட்டவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் அப்போது உறைத்தது. நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவர்கள் ஒரு மணி நேரம் நின்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கடை திறந்து, இரவு ஒன்பது மணிவரை நின்றிருக்கிறார்கள். உழைப்பவர்களுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்ன நேரம் முழுவதும் அவர்கள் என் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள்.

இரவு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தபின் மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்தேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருந்தாள். "ஏம்மா, கடையில உக்கார ஸ்டூல் கிடையாதா?" என்று கேட்டேன். "ஸ்டூல் இருக்கு சாமி. உக்காரத்தான் கூடாது" என்றாள். கூட்டம் இல்லாத மதிய நேரத்திலும் மடித்த சேலையை விரித்து மறுபடி மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். மேலே கேமரா இருக்கிறது. உட்கார்ந்தால் தளத்தைக் கவனிக்கிறவர் எல்லார் முன்னாலும் ஏசுவார். இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தண்ணீர் அதிகம் குடிப்பதில்லையாம். குடித்தால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கேட்டால் அதற்கும் ஒரு பார்வை.

அம்மா காலைமுதல் உட்கார்ந்து முதுகு போகிறது. மகள் காலைமுதல் நின்று கால் போகிறது. நம் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துத் திண்ணைகளை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் சென்னைக் கடைகளுக்கும் போகிறார்கள். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துவிட்டு அழுதவர்கள் நம் ஊரில் பலர் உண்டு. அழுதுவிட்டு, மறுநாள் அதே கடைகளில்தான் துணி எடுத்தோம். நானும் எடுத்தேன்.

அன்றிரவு ரூத்து நூலை எடுத்து வாசித்தேன். இரண்டாம் அதிகாரம். பெத்லகேமில் வாற்கோதுமை அறுவடை நடக்கிறது. ரூத்து மோவாபு நாட்டுப் பெண், கணவனை இழந்தவள், மாமியாரோடு பிழைப்புத் தேடி வந்தவள். அறுவடை செய்பவர்களுக்குப் பின்னால் போய்ச் சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறாள். நம் ஊர் வயல்களில் அறுவடை எந்திரம் வருவதற்கு முன்பு, அறுப்பு முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் கதிர் பொறுக்கியது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

வயலின் உரிமையாளர் போவாசு ஊரிலிருந்து வருகிறார். வந்ததும் அவர் செய்யும் முதல் காரியத்தைப் பாருங்கள். எத்தனை கட்டு ஆயிற்று என்று கேட்கவில்லை. ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று ஆள்களை வாழ்த்துகிறார். அவர்களும் திரும்ப அவரை வாழ்த்துகிறார்கள். திருப்பலியில் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து, விவிலியத்தில் ஒரு முதலாளிக்கும் கூலியாள்களுக்கும் இடையே, வயல் நடுவில் சொல்லப்பட்டிருக்கிறது. பீடத்திலிருந்து அதைச் சொல்லும்போது இது எத்தனை முறை எனக்கு நினைவுக்கு வந்திருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு, அந்தப் பெண் யார் என்று மேற்பார்வையாளரிடம் விசாரிக்கிறார். அவன் சொல்லும் பதில் ஏழாம் வசனத்தில் இருக்கிறது. எபிரேய மூலத்தில் அந்த வாக்கியம் கொஞ்சம் சிக்கலானது, அறிஞர்கள் பல விதமாக மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் அதில் உள்ள வினைச்சொல் 'நிற்றல்'. காலையில் வந்ததிலிருந்து அவள் நின்றபடியே இருக்கிறாள். மேற்பார்வையாளன் அதைக் கவனித்திருக்கிறான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. கணக்குச் சொல்வதோடு அவன் வேலை முடிந்துவிட்டது. நம் கடைகளில் கேமராவும் இதையேதான் செய்கிறது. நிற்கிறாளா என்று பார்க்கும். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று அதற்குக் கவலை இல்லை.

போவாசு மூன்று காரியம் செய்கிறார். அவளை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆள்களுக்குக் கட்டளையிடுகிறார். தாகம் எடுத்தால் ஆள்கள் மொண்டு வைத்த பானையிலிருந்து அவளே போய்க் குடிக்கலாம் என்கிறார், யாரையும் கேட்க வேண்டாம். சாப்பாட்டு வேளை வந்தபோது அவளை அருகே அழைக்கிறார். பதினான்காம் வசனத்தில் ரூத்து அறுவடைக்காரர்களின் பக்கத்தில் அமர்கிறாள். காலைமுதல் நின்றவள் அமர்ந்ததாக அந்த அதிகாரத்தில் சொல்லப்படும் இடம் அது. வறுத்த தானியத்தைப் போவாசே எடுத்துக் கொடுக்கிறார். அவள் வயிறார உண்டு, மீதியை மாமியாருக்கு எடுத்து வைக்கிறாள்.

அடுத்த வசனத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? அவள் எழுந்தாள், பொறுக்கப் போனாள் என்று இருக்கிறது. உட்கார வைத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று பயப்படும் முதலாளிகள் அந்த வசனத்தை வாசிக்க வேண்டும். மாலைவரை வேலை செய்து, தட்டிப் புடைத்தபோது ஏறக்குறைய ஓர் ஏப்பா வாற்கோதுமை இருந்தது. 20 லிட்டருக்கும் குறையாது. கதிர் பொறுக்க வந்த ஒருத்திக்கு இது பெரிய அளவு. வேண்டுமென்றே கதிர்களை உருவிப் போடும்படி போவாசு ஆள்களிடம் சொல்லி வைத்திருந்தார் என்பதும் காரணம். அதையும் அவள் மனம் நோகாதபடி, அதட்டாமல் செய்யச் சொன்னார்.

இரவு வீடு திரும்பியதும் மாமியார் நகோமி, உன்னைக் கவனித்துப் பார்த்தவர் யாரோ, அவர் ஆசி பெறுக என்கிறார். தானியத்தைப் பார்த்த மாத்திரத்தில், யாரோ தன் மருமகளைக் கண் திறந்து பார்த்திருக்கிறார் என்பது அந்தத் தாய்க்குத் தெரிந்துவிட்டது. நான் போன வீட்டுத் தாயும் அப்படி ஒரு நாள் மகளைக் கண்டு சொல்லும்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதெல்லாம் போவாசின் நல்ல மனது மட்டும்தானா என்றால், இல்லை. சிந்திய கதிரை ஏழைக்கும் அந்நியருக்கும் விட வேண்டும் என்று லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில் சட்டமே இருந்தது. கூலியை மறுநாள் காலைவரை வைத்துக்கொள்ளாதே என்று அதே அதிகாரம் சொல்கிறது. ரூத்து வயலுக்குள் வந்தது பிச்சை கேட்டு அல்ல, சட்டம் கொடுத்த உரிமையோடு. உட்கார வைத்துச் சோறு போட்டது போவாசின் மனது. சட்டமும் மனதும் அந்த வயலில் சேர்ந்து இருந்தன.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்க, 2021 செப்டம்பர் 6 அன்று சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டு, அந்த ஆண்டே சட்டமானது. ஒவ்வொரு கடையிலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் அவர்கள் அமர வாய்ப்பு வேண்டும் என்பது அதன் சாரம். கேரளாவில் இது 2018-லேயே வந்துவிட்டது. அங்கே கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் வேலை பார்த்த பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கி, கடைப் பெண்களைச் சேர்த்துப் போராடினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அது கிடைத்த பிறகுதான் இருக்கை. போவாசின் வயலிலும் தண்ணீர் முதலில் வருகிறது, இருக்கை பிறகு வருகிறது. எது முதலில் தேவை என்பது உழைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தச் சட்டம் தெரியுமா என்று அந்த முதலாளியிடம் கேட்டேன். "அதான் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கேனே சாமி" என்றார். உண்மைதான், வாங்கிப் போட்டிருந்தார்.

இன்று ஞாயிறு. இந்த நிகழ்ச்சியை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றால் அதற்கும் நம் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்ட முக்கியமான ஒன்று வார விடுமுறை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அடுத்த வாரமே, மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தது எல்லாருக்கும் தெரியும்.

அந்த மில்லின் உரிமையாளர்கள் ஹார்வி சகோதரர்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். பாபநாசத்தில் நம் ஆற்றின் அருவி நீரின் விசையால் ஓடிய ஆலையும் அவர்களுடையதுதான். ஞாயிறு ஓய்வை மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள். நம் திருச்சபையிலும், திருத்தந்தை பதிமூன்றாம் லியோ 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளரின் ஞாயிறு ஓய்வைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகும், கிறிஸ்தவ முதலாளிகளிடமிருந்து ஞாயிற்றுக்கிழமையை வாங்கிக் கொடுக்க ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஒரு சைவர் போராட வேண்டியிருந்தது. நாம் பணிவோடு நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ, தம் பெயரைத் தேர்ந்துகொண்டதற்கு அந்த லியோவையும் அந்தச் சுற்றுமடலையும் நினைவுகூர்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் கடைவீதியில் ஞாயிறுதான் வியாபாரம் கூடிய நாள். "நம் இளம்பெண்கள் ஞாயிறு திருப்பலிக்கு வருவதில்லை, பக்தி குறைந்துவிட்டது" என்று நான் பலமுறை மறையுரையில் குறைபட்டிருக்கிறேன். அவர்கள் எங்கே இருந்தார்கள்? திருப்பலி முடிந்து நாம் துணி எடுக்கப் போன கடையில், நமக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அப்படியும் அவர்களில் சிலர் வார நாளில் விடுப்புக் கிடைக்கும்போது மாலைத் திருப்பலிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறார்கள். எழுந்து நிற்கும் பகுதிகளில் சிலர் எழுவதில்லை. முன்பு அதற்கும் மனதுக்குள் கடிந்துகொண்டேன். இப்போது காரணம் தெரியும்.

உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குறை இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பீடி சுற்றும் தாயைக் கேட்டேன். இலையும் தூளும் வாங்கிவந்து, பகலெல்லாம் சுற்றிக் கட்டி, கடையில் கொண்டுபோய் வைப்பார். அங்கே கணக்குப் பார்ப்பவர் கட்டைப் பிரித்து, சரியில்லை என்று பட்டதைக் கழித்து ஒதுக்குவார். கழிப்பது அவர் வேலை, அதில் தவறில்லை. "நல்லா இல்லன்னா கழிக்கட்டும் சாமி. மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை, இந்த இடத்துல தளர்ந்திருக்கும்மான்னு சொல்லிக் கழிக்கலாம்லா? குப்பையத் தள்ளுத மாதிரில்லா தள்ளுதாவ" என்றார். அவருக்கு நாற்காலி தேவையில்லை. ஒரு பார்வை தேவைப்பட்டது.

மனிதருக்காகத்தான் வேலை, வேலைக்காக மனிதர் இல்லை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் கற்பித்தார். குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இத்தனை ஆண்டு குருவாக இருந்தபின், என் சொந்தப் பங்கு இல்லத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் கோவில்பிள்ளை காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பவர். மாதந்தோறும் பங்குப்பேரவைக் கூட்டத்துக்குக் காப்பி கொண்டுவருவார். கொடுத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை கதவோரம் நிற்பார். கோயில் செலவு, கோயில் பழுது, எல்லாவற்றையும் பற்றி எங்களைவிட அதிகம் தெரிந்தவர் அவர். ஒருவரும் அவரை உட்காரச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. அவருடைய சம்பளத்தைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேசியபோதுகூட அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றேன். "இருக்கட்டும் சாமி, பழகிப் போச்சு" என்றார். வற்புறுத்தினேன். நாற்காலியின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக, உட்கார்ந்தார். மூன்று நான்கு கூட்டங்கள் அப்படித்தான். ஐந்தாவது கூட்டத்தில், மணிக்கூண்டு பழுதுக்கு வந்த மதிப்பீட்டை நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, முதுகைச் சாய்த்துக்கொண்டு, "அந்தக் கொத்தனார் கூடச் சொல்லுதாரு சாமி, பாதித் தொகையில முடிக்கலாம்" என்றார். முடித்தும் காட்டினார்.

அந்தக் கடை முதலாளியை நான் விடவில்லை. ரூத்து நூல் இரண்டாம் அதிகாரத்தை அவர் வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து வாசித்தோம். அவர் அதிகம் பேசவில்லை. "சாமி, நான் உக்காரச் சொன்னா உக்காருவாங்க, நான் அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சிருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. இனி மதியம் உட்காரலாம் என்று அறிவித்தும், முதல் வாரம் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. யார் உட்காருகிறார்கள் என்று கண்டுபிடிக்க வைத்த சோதனை என்று நினைத்தார்களாம்.

பிறகு ஒரு நாள் மதியம் அவருடைய வயதான அம்மா கடைக்கு வந்தார். சேலைப் பிரிவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து ஸ்டூலைத் தட்டி, "ஏட்டி, இங்க வா, இரி. வீட்டுல அம்மைக்கு முதுகுவலி எப்படி இருக்கு?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டார். அது தளத்தைக் கவனிப்பவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அது உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வரிசையில் இன்னொன்று உட்கார்ந்தது.

அந்தக் கடையில் நான் மறுபடி பேசப் போகவில்லை. துணி எடுக்கப் போனேன். கிறிஸ்மஸுக்குப் பங்கு இல்லச் சமையல் அம்மாவுக்கு ஒரு சேலை. மதிய நேரம், கூட்டம் இல்லை. உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து, எனக்கு எட்டுச் சேலை விரித்துக் காட்டினாள்.